பை குடுத்தாச்சு, அடுத்து என்ன?

அண்ணா வணக்கம்,

நாங்க 1998 பத்தாவது பேட்ச். போன வருஷம் ஒண்ணு சேர்ந்தப்ப பக்கத்துல இருக்கற இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைங்களுக்கு ஏதாவது செய்யலாம்னு முடிவு பண்ணி அறுபது பேருக்கு ஸ்கூல் பை, நோட்டு எல்லாம் குடுத்தோம். இப்ப கையில நாலு லட்சம் சேர்ந்திருக்கு. முகாமுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் ரூம் கட்டலாம்னு போனா பர்மிஷன் கிடைக்கல. "இதெல்லாம் கவர்மெண்ட் வேலை, நமக்கெதுக்கு"ங்கறான் ஒரு ஃப்ரெண்டு. நாங்க செய்யறது வீண்தானா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

வீண் இல்ல தம்பி, ஆனா ரூம் கட்ற ஆசைய விட்டுடுங்க. அங்க மண்ணும் உங்களோடது இல்ல, அவங்களோடதும் இல்ல, நாளைக்கு லைன் வீட்டை இடிச்சு புதுசா கட்டும்போது உங்க ரூமும் சேர்ந்து போகும். உங்க ஃப்ரெண்டு சொல்றது வீட்டு விஷயத்துல நூத்துக்கு நூறு சரி. 2021 ஆகஸ்ட்ல சட்டசபையில 317 கோடி சொச்சத்துக்குத் திட்டம் அறிவிச்சாங்க இல்லையா, அதுல 7,469 வீடு புதுசா கட்டறதும் இருந்துச்சு, அகதிகள் முகாம்ங்கற பேரு மறுவாழ்வு முகாம்னு மாறினதும் அப்பதான். அன்னிக்கு அரசு சொன்ன கணக்குல 108 முகாம், 58,822 பேர். இத்தனை பேருக்கு வீடு கட்ட எந்த பேட்ச்மேட்ஸ் குரூப்பாலயும் முடியாது, முடிஞ்சாலும் கூடாதுனுதான் சொல்வேன், அப்புறம் அரசு கைய கழுவிடும்.

ஆனா வீடும் படிப்பும் தனித்தனி இல்லங்கறத நான் ஒரு பொண்ணுகிட்டதான் தெரிஞ்சுகிட்டேன். பழைய பத்துக்குப் பத்து வீடு, அஞ்சு பேரு, பிளஸ் டூ படிக்கிறா. அப்பா பெயிண்ட் வேலைக்கு வெளியூர் போயிடுவாரு, அவர் இல்லாத நாள்லதான் ராத்திரி இவ படிக்க இடம். செக்கிங் நாள், அதாவது அதிகாரிங்க முகாம்ல ஆள் கணக்கெடுக்கற நாள் வந்தா ஆள் நேர்ல நிக்கணும், இல்லன்னா அரசு மாசாமாசம் குடுக்கற பணக்கொடை கட், அதனால அவர் வந்துடுவாரு. "அப்பா வந்தா சந்தோசம்தான் அண்ணை, கொப்பிய எங்க விரிக்கிறது"ன்னு சிரிச்சுட்டே கேட்டா. (முகாமுக்குள்ள கொப்பி, ஸ்கூல் கேட்டைத் தாண்டினா நோட்டு, அந்தப் பிள்ளைங்களுக்கு ரெண்டு தமிழும் அத்துப்படி.) நான் அதுவரைக்கும் பிள்ளைங்களுக்குப் புத்தகம் இல்ல, பை இல்லனுதான் நெனச்சுட்டு இருந்தேன். அரசுப் பள்ளியில அதெல்லாம் கிடைச்சுடுது. இல்லாதது சாயங்காலம் ஆறுலேர்ந்து ஒம்போது வரைக்கும் உக்கார ஒரு இடம், பக்கத்துல உக்காந்து சொல்லித்தர ஒரு ஆள்.

அந்த ஆளை வெளியிலேர்ந்து தேட வேணாம். முகாம்லயே பி.காம், பி.இ. முடிச்சுட்டு பெயிண்ட் பிரஷ் புடிச்சுட்டு இருக்கற பசங்க உண்டு. குடியுரிமை இல்லாததால கவர்மெண்ட் வேலைக்கு எழுத முடியாது, பாஸ்போர்ட் இல்ல, கம்பெனியில முகாம் அட்ரஸைப் பாத்ததும் இழுத்தடிப்பாங்க. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் இலங்கை வரல. இதைப் பாத்துட்டுதான் தம்பிமாரு "அண்ணன் படிச்சு என்னத்த கிழிச்சான்"னு பதினொண்ணாவதோட நிக்கறான், அதுக்கு உங்க கம்ப்யூட்டர் ரூம் என்ன செய்யும் சொல்லுங்க. அந்த அண்ணனே சம்பளம் வாங்கிட்டு சாயங்காலம் கணக்கு சொல்லித்தந்தா கதை கொஞ்சம் மாறும். இது ஒண்ணும் என் கண்டுபிடிப்பு இல்ல, 1984-ல சந்திரகாசன் ஆரம்பிச்ச ஓஃபர் அமைப்பு அகதிகளையே வச்சுதான் அகதிகளுக்கு வேலை செஞ்சுது, படிப்பையும் அப்படித்தான் புடிச்சு நிறுத்தினாங்க.

உங்க காசுக்குக் கணக்கு போட்டுப் பாத்தேன். சொல்லித்தர ரெண்டு பேரு, ஆளுக்கு மாசம் நாலாயிரம்னா மூணு வருஷத்துக்கு ரெண்டு லட்சத்து எம்பத்தெட்டாயிரம். மிச்சம் ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரம் இருக்கும், அதை காலேஜ் அப்ளிகேஷன் ஃபீஸ், பஸ் பாஸ், சர்டிஃபிகேட்டுக்காக தாலுகா ஆபீஸ் அலையற செலவு, இந்த மாதிரி யாரும் போட்டோ எடுக்காத விஷயங்களுக்கு வைங்க. மூணு வருஷம்ங்கறது முக்கியம். ஒரு வருஷம் நடத்திட்டு நிறுத்தினா அதுக்கு ஆரம்பிக்காமலே இருக்கலாம், அந்தப் பிள்ளைங்க வந்துட்டுப் போற ஆளுங்களை நெறைய பாத்தாச்சு.

போட்டோன்னதும் ஞாபகம் வருது, நீங்க அனுப்பின படத்துல பிள்ளைங்க வரிசையா பையைத் தூக்கிப் புடிச்சுட்டு நிக்குதுங்க. எனக்குப் புடிக்கல. உங்க பொண்ணை அப்படி நிக்க வைப்பீங்களா? கோவமா சொல்லல, நானும் ஒரு காலத்துல எடுத்தவன்தான்.

இடத்துக்கு முகாம் தலைவர்கிட்ட பேசுங்க, பொதுக்கூடம், கோயில் முன்மண்டபம்னு ஏதாவது இருக்கும். தாசில்தாருக்கு ஒரு லெட்டர் குடுத்துடுங்க, முகாமைக் கண்காணிக்கற போலீஸ் பிரிவு கியூ பிராஞ்ச்ல கேட்டா மறைக்காம சொல்லுங்க, இல்லன்னா நீங்க போனப்புறம் பதில் சொல்றது முகாம்காரங்கதான். போறதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டுப் போங்க, செக்கிங் அன்னிக்குப் போயிடாதீங்க, யாருக்கும் உங்ககூட உக்காந்து பேச நேரம் இருக்காது.