ஹரிகேன் மர விமானம்: இறக்கை விரிசலை என்ன செய்வது?

கேள்வி: தாத்தா காலத்தில் கையால் செதுக்கிய ஹரிகேன் போர் விமான மாதிரி எங்கள் வீட்டில் இருக்கிறது. இறக்கை நுனிக்கு நுனி 51 செ.மீ. இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் விரிசல். கோடையில் எம்-சீல் வைத்து அடைத்தோம். மழைக்காலத்தில் அங்கே பெயின்ட் உப்பி உதிர்ந்துவிட்டது. இறக்கையில் உள்ள வட்டச் சின்னத்தின் நடுச் சிவப்பும் அழிந்திருக்கிறது. மொத்தமாகப் புது பெயின்ட் அடித்துவிடலாமா? (வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்)

பதில்: மொத்தமாகப் பெயின்ட் அடிக்கவே வேண்டாம். முதலில் அந்தச் சிவப்பு. அது முதலிலிருந்தே இல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்களின் சின்னம் சிவப்பு வட்டம். பர்மா முனையில் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களை ஜப்பானிய விமானம் என்று நினைத்துச் சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாதென்று, சின்னத்திலிருந்த சிவப்பை நீக்கிவிட்டுக் கருநீலம், வெளிர்நீலம் என இரண்டே நிறத்தில் வரைந்தார்கள். 1944-ல் இம்பால் போரில் அர்ஜன் சிங் தலைமையில் பறந்த இந்திய விமானப்படையின் 1-ம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) ஹரிகேன்களும் அப்படித்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நடுவட்டத்தில் வெளிர்நீலம் பிரஷ் தடத்தோடு சீராக இருந்து, ஓரத்தில்கூடச் சிவப்புப் பிசிறு இல்லையென்றால், செய்தவர் தெரிந்தேதான் அப்படி வரைந்திருக்கிறார். நிஜ ஹரிகேனின் இறக்கை 12.19 மீட்டர்; உங்களுடையது கச்சிதமாக 24-ல் ஒரு பங்கு. இவ்வளவு அளவெடுத்துச் செதுக்கியவர் சின்னத்தில் கோட்டை விட்டிருக்க மாட்டார். சிவப்புப் பொட்டு வைத்தால் விமானத்தின் போர்முனையே மாறிப்போகும்.

இனி விரிசல். மரம் நார் ஓடும் திசையில் அநேகமாக நீள்வதில்லை. நாருக்குக் குறுக்கேதான் ஈரத்துக்கு விரிந்து வறட்சிக்குச் சுருங்கும். உடலில் நார் மூக்கிலிருந்து வாலுக்கு ஓடுகிறது, இறக்கையில் நுனியை நோக்கி. அதனால் ஒட்டிய இடத்தில் இறக்கை அசைகிறது, உடல் அசைவதில்லை. 10 செ.மீ அகல இறக்கை, கத்திரி வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் இடையில் அரை மி.மீ. அளவுக்குக்கூட மாறலாம். கோடையில் வாய் திறந்த விரிசலை எம்-சீல் கல்போல அடைத்துவிட்டது. மழையில் மரம் விரிய இடமில்லாமல் பெயின்டைத் தள்ளிவிட்டது.

வேலையை ஆவணியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது காற்று அதிகம் காய்ந்தும் இருக்காது, ஊறியும் இருக்காது. தளர்ந்த எம்-சீல் துண்டுகளை மட்டும் மூங்கில் குச்சியால் நெம்பி எடுங்கள். கெட்டியாகப் பிடித்திருப்பதை விட்டுவிடுங்கள். தின்னர், ஸ்பிரிட் இரண்டும் கூடாது, பழைய பாலிஷும் பெயின்டும் கரைந்து வந்துவிடும். உதிர்ந்த சில்லுகளை ஒரு கவரில் போட்டு வையுங்கள், நிறம் பொருத்தத் தேவைப்படும்.

இறக்கை ஆடுகிறதா என்று மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆடாவிட்டால் பசையே வேண்டாம். ஆடினால் உள்ளே பார்க்க வேண்டும்: பழுப்பாக, கண்ணாடிபோல நொறுங்கும் பசை என்றால் ஆசாரிகள் பயன்படுத்திய வஜ்ரம். ஈரப் பஞ்சைச் சில நிமிடம் வைத்தால் இளகும், துடைத்து எடுக்கலாம். ரப்பர் மாதிரி உரிந்தால் பழைய ஃபெவிகால். அதன்மேல் புதுப்பசை பிடிக்காது, சுரண்டியே ஆகவேண்டும். பிறகு வெள்ளை ஃபெவிகாலை நடுப்பகுதியில் மட்டும் மெல்லிசாகத் தடவி, துணி சுற்றிய நூலால் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். மாஸ்கிங் டேப் நேராக ஒட்டினால் உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரும். காய்வதற்குள் இரண்டு இறக்கை நுனிகளும் மேசையிலிருந்து ஒரே உயரமா என ஸ்கேல் வைத்துப் பார்ப்பது முக்கியம். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். சுற்றிலும் வெள்ளைப் படலம் பூக்கும், பின்னால் பிரிக்கவும் முடியாது.

மீதி இடைவெளிக்குத் தேன்மெழுகே போதும். நிறப்பொடி கலந்து, விரல் சூட்டில் பிசைந்து அழுத்துங்கள். மரம் விரிந்தால் அதுவும் விட்டுக்கொடுக்கும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். மரம் தெரியும் இடத்தில் மட்டும் பளபளப்பில்லாத அக்ரிலிக், சின்ன பிரஷ்ஷால்.

மேற்கு வெயில் காயும் சுவரிலோ ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்திலோ வைக்காதீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் ஈரமும் வறட்சியும் மெதுவாகத்தான் மாறும், மரத்துக்கு அது நல்லது. தூசி துடைக்க எடுக்கும்போது இறக்கையைப் பிடிக்காமல் வயிற்றுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள்.