கண்ணை மூடினால் ஏன் சாய்கிறார்?

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. சில மாதங்களாக நடையில் தடுமாற்றம். முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் சாய்கிறார். நரம்பியல் மருத்துவர் கால் கட்டைவிரலில் இசைக்கவையை (ட்யூனிங் ஃபோர்க்) தட்டி வைத்தார். அதிர்வே தெரியவில்லை. ஆனால் ஊசி முனையால் தொட்டால் சுருக்கென்று தெரிகிறது. ஒரே விரலில் இது எப்படி? வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார். நாங்கள் சைவம். முதலில் கண் டாக்டரைப் பார்க்கலாமா என்று யோசிக்கிறோம்.
— ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள், நாளைக்கே. கண்ணை அப்புறம் பார்க்கலாம். ஏன் என்று சொல்கிறேன்.

விரலிலிருந்து மூளைக்கு இரண்டு பாதைகள் உண்டு. வலி, சூடு, குளிர்ச்சி எல்லாம் மெல்லிய நரம்பிழைகளில் வரும். தண்டுவடத்துக்குள் நுழைந்ததுமே அந்தச் செய்தி வேறொரு நரம்புச் செல்லுக்குக் கைமாறி, எதிர்ப்பக்கம் தாண்டி மேலே போகும். அதிர்வும், நுட்பமான தொடு உணர்வும், விரல் எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவலும் தடித்த இழைகளில் வருபவை. இவை தண்டுவடத்தின் பின்பகுதியில், வந்த பக்கமாகவே, மூளையின் அடிப்பகுதியான முகுளம் வரை ஏறுகின்றன. கால் விரலிலிருந்து முகுளம் வரை இடையில் கைமாறாத ஒரே செல்! ஒரு மீட்டருக்கும் மேல் நீளம். முகுளத்தில்தான் அடுத்த செல் பொறுப்பேற்று, எதிர்ப்பக்கம் கடந்து, மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் வழியாக, மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணிக்குக் கொண்டுபோகிறது.

அம்மாவுக்கு ஊசி தெரிகிறது, அதிர்வு தெரியவில்லை என்றால் இந்த இரண்டாவது பாதையில்தான் கோளாறு இருக்கக்கூடும். மருத்துவர் விரலின் இரு பக்கவாட்டையும் பிடித்து, மேலும் கீழும் லேசாக அசைத்து, "மேலேயா, கீழேயா?" என்று கேட்டிருப்பார். மேலும் கீழுமாகப் பிடித்தால் அழுத்தமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் பக்கவாட்டுப் பிடி.

நிமிர்ந்து நிற்பதற்கு மூளை மூன்று தகவல்களை நம்புகிறது: கண், உள்காது, காலிலிருந்து வரும் இந்த நிலையுணர்வு. கால் தகவல் குறையும்போது கண்தான் அதை ஈடுகட்டுகிறது. சோப்புக்காக மூடியதும் அந்தத் துணையும் போய்விடுகிறது. கால் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லும் ராம்பெர்க் பரிசோதனை இதைத்தான் பார்க்கிறது.

பிரிட்டனைச் சேர்ந்த இயன் வாட்டர்மன் என்பவருக்கு 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் நிலையுணர்வும் அடியோடு போயின. தசையில் பலம் குறையவில்லை. வலியும் சூடும்கூடத் தெரிந்தன. ஆனாலும் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. கை கால்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே ஒவ்வொரு அசைவையும் புதிதாகப் பழகி, மறுபடி நடந்தார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். அந்த மனிதரின் உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. அம்மா நிலை அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனாலும் இருட்டில் தனியாக நடக்க விடாதீர்கள், கழிவறை வழியில் இரவு முழுக்க ஒரு விளக்கு எரியட்டும்.

இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை கெடாமல் இருக்க பி12 வேண்டும். குறைந்தால் தண்டுவடத்தின் பின்பகுதி சீக்கிரம் பாதிக்கப்படும். காய்கறி, பருப்பில் இது கிடையாது. பால், தயிரில் உண்டு. ஆனால் வயதானால் வயிறு அதை உறிஞ்சுவதும் குறையும். குறைபாடுதான் என்று தெரிந்தால் ஊசியோ மாத்திரையோ தருவார்கள். சீக்கிரம் தொடங்கினால் நன்றாகத் தேற வாய்ப்பு அதிகம், தள்ளிப்போட்டால் இழந்தது முழுதாகத் திரும்பாமல் போகலாம். சர்க்கரை நோயாலும் பாத உணர்வு மங்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்துக்கடையில் கேட்டு ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது பி12 குறைவால் வரும் ரத்தசோகையைச் சரியாக்கி, நரம்புச் சேதம் உள்ளே தொடர்வதை மறைத்துவிடக்கூடும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறார் என்றால் அதுவும் பி12ஐக் குறைக்கும். மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.