மங்கலான படத்தில் முகம் தேடும் வேலை: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. சிங்கப்பூரில் கட்டாய தேசிய சேவையை முடிக்கப்போகும் மகன், கேமராவில் விழும் முகங்களைக் கணினி வழியாக அடையாளம் காணும் துறைக்குப் போக ஆசைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். "அதைத்தான் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்களே, இனி என்ன வேலை இருக்கும்?" என்பது உங்கள் கவலை.

அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் செயலியில் முகம் காட்டிப் பழகிய நமக்கு அப்படித்தான் தோன்றும். அங்கே நாம் நேராகப் பார்க்கிறோம், முகமும் பெரிதாக விழுகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் உயரத்தில் மாட்டிய கேமராவின் கதை வேறு. தூரத்தில் நடந்து போகிறவரின் முகம் அதில் 16 புள்ளி (பிக்சல்) அகலம்கூட இல்லாமல் போகலாம். வீடியோவைச் சுருக்கும் எச்.264 முறையோ படத்தை 16-க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து வேலை செய்கிறது. முழு முகமும் ஒரே கட்டத்தில் அடங்கினால் கண்ணும் மூக்கும் கலந்து குழம்பிவிடும். அப்படித் தொலைந்த விவரத்தை மென்பொருள் ஊகிக்கலாம், மீட்க முடியாது. 2020-இல், மங்கலான முகத்தைத் தெளிவாக்கும் பல்ஸ் என்ற மென்பொருளுக்கு ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தைத் தெளிவாக வரைந்து தந்தது!

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை, கடை கேமராவின் தெளிவற்ற படத்தோடு கணினி தவறாகப் பொருத்தியிருந்தது. 2020 ஜனவரியில் தம் பிள்ளைகளின் கண்ணெதிரே அவர் கைதானார். செய்யாத திருட்டுக்கு.

அதனால் சொல்கிறேன், "இந்தப் படம் போதாது" என்று கணக்கோடு நிரூபிக்கத் தெரிந்தவர்கள் இந்தத் துறைக்கு அவசியம் வேண்டும். தம்பி அப்படி ஒருவராக வரட்டும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமோ, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமோ, எதுவானாலும் சரி. படிப்பின் பெயரில் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, சமிக்ஞைச் செயலாக்கம் மூன்றையும் ஆழமாகச் சொல்லித்தருகிறார்களா என்று விசாரியுங்கள். இவை கைவந்தால் மருத்துவப் படங்களை ஆராயும் வேலைக்கும் போகலாம்.

அதுவரை வீட்டிலேயே ஒரு பயிற்சி. உங்கள் எல்லோரிடமும் அனுமதி கேட்டு, 5, 10, 20 மீட்டர் தூரத்தில் கைப்பேசியில் வீடியோ எடுத்து, தரத்தைக் குறைத்துக்கொண்டே போய், முகத்தை அடையாளம் காணும் இலவச மென்பொருள் எங்கே தடுமாறுகிறது என்று குறித்து வைக்கட்டும். அக்கம்பக்கத்தார் முகம் அதில் வேண்டாம். பிறர் முகத்தைக் கேட்காமல் சேர்க்காத பழக்கம் இப்போதே வரவேண்டும். பல்கலைக்கழக நேர்முகத் தேர்வு இருந்தால் அந்தக் குறிப்புகளையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.