பிளேக்கின் புகைபோக்கிச் சிறுவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆங்கில இலக்கியம் முதுகலை படிக்கிறேன். ரொமான்டிக் கவிஞர்கள் நகரத்தின் அநீதியை எழுதியவர்கள் என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அவர்கள் இயற்கையைப் பாட ஏரிக்கரைக்கு ஒதுங்கிப் போனவர்களாகத்தான் தெரிகிறார்கள். வில்லியம் பிளேக்கின் புகைபோக்கிச் சிறுவன் கவிதைகூட, அவரவர் கடமையைச் செய்தால் தீங்கு வராது என்றுதான் முடிகிறது. வதைபடும் குழந்தையிடம் இப்படிச் சொல்வது அநீதிக்குத் துணைபோவது ஆகாதா?

எம்.

அன்புள்ள எம்.,

அந்தக் கடைசி வரி உறுத்தத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொல்வது பிளேக் இல்லை, கவிதையில் வரும் பையன். அம்மா செத்துப்போனாள், பேச்சு திருந்துவதற்குள் அப்பா விற்றுவிட்டார் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான்.

விற்றார் என்பது மிகை இல்லை. ஏழைப் பெற்றோர் காசு வாங்கிக்கொண்டு பிள்ளையைப் புகைபோக்கி துடைக்கும் மேஸ்திரியிடம் விடுவது அன்றைய லண்டனில் நடந்ததுதான். குறுகலான புகைபோக்கிக்குள் சின்ன உடம்புதான் நுழையும். முட்டியும் முழங்கையும் உரசி உரசி மேலே ஏறி, புகைக்கரியைச் சுரண்டித் தள்ள வேண்டும். இரவில் படுக்கை அந்தக் கரி மூட்டைமேல்தான். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு விரைப்பையில் புற்றுநோய் வருவதை பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775இலேயே எழுதிவிட்டார். 8 வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்கக் கூடாது என்று 1788இல் சட்டம் வந்தது. அதை யாரும் நடைமுறைப்படுத்தவில்லை. அடுத்த வருடம் வந்தது நீங்கள் படித்த கவிதை.

அதில் டாம் என்ற குட்டிப் பையனுக்கு ஒரு கனவு வருகிறது. கறுத்த சவப்பெட்டிகளில் அடைபட்ட பையன்களை தேவதை திறந்துவிடுகிறது. அவர்கள் பச்சை வெளியில் ஓடி, ஆற்றில் குளித்து, வெயிலில் மின்னுகிறார்கள். அப்புறம் விழித்து, இருட்டிலேயே பையும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறார்கள். ரொமான்டிக் கவிதை என்றதும் நினைவுக்கு வரும் பச்சையும் ஆறும் இங்கேயும் இருக்கின்றன. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு அது செத்தால்தான் கிடைக்கும். கடமை பற்றிய வரி அதற்குப் பிறகு வருகிறது. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தைக் குழந்தை நம்பி ஒப்பிக்கிறது. எனக்கு வயிறு எரிவது அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான்.

1794இல் பிளேக் அதே தலைப்பில் இன்னொரு கவிதை எழுதினார். பனியில் கறுப்பாக ஒரு குழந்தை நிற்கிறது. அப்பா அம்மா எங்கே என்று கேட்டால், கோயிலுக்குப் பிரார்த்திக்கப் போயிருக்கிறார்கள் என்கிறது. நான் ஆடிப் பாடுவதால் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள், எங்கள் துயரத்திலிருந்து தங்களுக்கு ஒரு சொர்க்கம் செய்துகொள்ளும் கடவுளையும் பாதிரியையும் அரசனையும் துதிக்கப் போய்விட்டார்கள் என்கிறது. மே முதல் நாளில் இந்தப் பையன்கள் தெருவில் ஆடிக் காசு கேட்பது அன்றைய லண்டன் வழக்கம். அந்த ஆட்டத்தைப் பார்த்து மனம் குளிர்ந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். அதே தொகுப்பில் உள்ள ‘லண்டன்’ கவிதையில் புகைபோக்கிப் பையனின் கூவல் தேவாலயத்தில் போய் மோதுகிறது, சிப்பாயின் பெருமூச்சு அரண்மனைச் சுவரில் ரத்தமாக வழிகிறது. யார் பொறுப்பு என்பதில் பிளேக்குக்கு ஒரு குழப்பமும் இல்லை.

சரி, ஏரிக்கரைக்கு வருகிறேன். ஏரிப் பகுதியில் வாழ்ந்த ரொமான்டிக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1802 செப்டம்பர் 3 என்று தேதியிட்ட சானெட்டில் (பதினான்கு வரிக் கவிதை), வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நின்று விடியற்காலை லண்டனைப் பார்க்கிறார். புகையில்லாத காற்றில் நகரமே மினுங்குகிறது. அழகான கவிதை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அடுப்பு மூட்டுவதற்கு முந்தைய அந்த நேரம்தான் பையன்கள் உள்ளே ஏறும் நேரம். பாலத்துக்குத் தென்கரையில், நடக்கிற தூரத்தில் லாம்பெத்தில்தான் பிளேக் 1800 வரை குடியிருந்தார். அவர் காதில் விழுந்தது அந்தப் பிள்ளைகளின் கூவல். எல்லாரையும் ஒரே பெயரில் அடைப்பதால்தான் இந்த வித்தியாசம் நமக்குத் தெரியாமல் போகிறது.

துணைபோவதா என்று கேட்டீர்கள். புகைபோக்கிக்குள் பிள்ளைகளை ஏற்றுவதை எதிர்த்து கவிஞர் ஜேம்ஸ் மான்ட்கோமரி 1824இல் ஒரு தொகைநூல் கொண்டுவந்தார். அதற்காகக் கட்டுரையாளர் சார்ல்ஸ் லாம் அனுப்பிவைத்தது, நீங்கள் குறை சொல்லும் அந்த முதல் கவிதையைத்தான்.