கடைசி அத்தியாயத்தைத் தொடாதீர்கள்

கேள்வி: 240 பக்கங்களில் என் முதல் நாவலை எழுதி முடித்திருக்கிறேன். தந்தையும் மகளும் ஒன்பது ஆண்டுகள் பேசாமல் இருந்து, கடைசி அத்தியாயத்தில் சேர்கிறார்கள். அந்த அத்தியாயத்தை அழுதுகொண்டேதான் எழுதினேன். பலமுறை திருத்தியும் விட்டேன். படித்த நான்கு பேரும் ‘நன்றாக இருக்கிறது’ என்கிறார்கள். மனம் நெகிழ்ந்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. இன்னும் உணர்ச்சிகரமான வார்த்தைகள் வேண்டுமா? கதைச் சுருக்கத்தையும் கடைசி அத்தியாயத்தையும் இணைத்திருக்கிறேன். — ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வார்த்தைகளுக்குக் குறைவே இல்லை. அந்த ஒரே அத்தியாயத்தில் மகள் நான்கு முறை அழுகிறாள், தந்தை இரண்டு முறை. ‘மன்னித்துவிடு’ என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. நீங்கள் அழுதது உண்மை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தந்தையோடு மாதக்கணக்கில் மனத்துக்குள் வாழ்ந்தவர் நீங்கள். வாசகரிடம் இருப்பது தாளில் இருக்கும் 240 பக்கம் மட்டும்தான். உங்கள் நெஞ்சில் இருக்கும் பாதி, தாளுக்கு வரவில்லை. அதை வரவழைக்க வேண்டிய இடம் கடைசி அத்தியாயம் அல்ல. நெகிழ வைக்கும் காட்சி என்பது ஒரு கடன் தீரும் நாள். முன்னாலேயே கடன் ஏறியிருந்தால்தான் அன்று தீர்க்க ஏதாவது இருக்கும். எனவே இப்போதைக்கு கடைசி 15 பக்கங்களை மூடி வையுங்கள். வேலை முழுக்க முதல் 225 பக்கங்களில்தான்.

முதலில், வாசகர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பதை ஒரே கேள்வியாக ஒரு தாளில் எழுதுங்கள். ‘இருவரும் சேர்வார்களா?’ என்று எழுதினால் அது பயன்படாது. சேர்வார்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே எல்லோருக்கும் தெரியும். கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலாக அந்தக் கேள்வி இருக்க வேண்டும். அந்தச் செயல் உங்கள் கதையிலேயே கிடக்கிறது, நீங்கள்தான் கவனிக்காமல் கடந்துவிட்டீர்கள். தந்தைக்குக் காது மந்தம், காது மிஷின் வைத்திருக்கிறார் என்று இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரி வருகிறது. அதற்குப் பிறகு அதன் பேச்சே இல்லை. சண்டை நடந்த நாளில் அவர் மகள் சொல்வதைக் கேட்க மறுத்தார் என்று சுருக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ‘அவள் சொல்வதை அவர் ஒருமுறையாவது கடைசிவரை கேட்பாரா?’ இதுதான் உங்கள் நாவலின் கேள்வி.

கேள்வி கிடைத்த பிறகு விதைப்பு, அதாவது கடைசியில் பலன் தரப்போவதை முன்னாலேயே கதைக்குள் போட்டு வைப்பது. காது மிஷினைச் செவியில் பொருத்தும்போதோ, கையில் பொத்திப் பிடிக்கும்போதோ சில சமயம் மெல்லிய கீச்சொலி எழும். அதன் ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தத்தை அதன் ஒலிவாங்கியே மறுபடி வாங்குவதால் வரும் ஒலி அது. அணிந்திருப்பவரைவிடப் பக்கத்தில் இருப்பவருக்கு அது நன்றாகக் கேட்பதுண்டு. இந்த ஒலியை மூன்று இடங்களில் விதைக்கலாம்.

முதல் முறை, 20-ஆம் பக்கத்தை ஒட்டி, சச்சரவே இல்லாத ஒரு காட்சியில். எட்டு வயது மகள் விளையாட்டாக அப்பாவின் காதில் மிஷினைப் பொருத்திவிடுகிறாள். கீச்சென்கிறது, இருவரும் சிரிக்கிறார்கள், பிறகு அவள் பள்ளிக் கதையைச் சொல்கிறாள். காட்சி வேறு எதைப் பற்றியோ இருக்கட்டும், ஒலி ஓரமாக வந்து போகட்டும். இரண்டாவது, சண்டைக் காட்சி. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மிஷினைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். அவ்வளவுதான். ‘அந்தச் செயல் அவள் நெஞ்சைப் பிளந்தது’ என்று அடுத்த வரியில் எழுதிவிடாதீர்கள். விளக்கினால் வாசகருக்கு அதில் வேலை இல்லாமல் போய்விடும். மூன்றாவது, நாவலின் நடுவில், 130-ஆம் பக்க வாக்கில். மகள் தொலைபேசியில் அழைக்கிறாள். அம்மா தொலைபேசியை அவரிடம் கொடுக்கிறாள். மறுமுனையில் மூச்சு கேட்கிறது, கீச்சொலி கேட்கவில்லை. அவர் மிஷினை எடுத்து மாட்டவே இல்லை என்று அவளுக்குத் தெரிகிறது, வாசகருக்கும் தெரிகிறது. வராத ஒலியும் ஒரு விதைப்புதான். மூன்றில் இதுதான் வலுவானது என்பேன்.

இடைவெளியில் கவனம் வேண்டும். உச்சக் காட்சிக்கு ஐந்தாறு பக்கம் முன்னால் விதைத்தால், அதற்காகவே கொண்டுவந்து வைத்தது அப்பட்டமாகத் தெரியும். 20-ஆம் பக்கத்தில் விதைத்துவிட்டு 230 வரை நினைவூட்டாமல் விட்டால் வாசகர் மறந்திருப்பார். அதற்குத்தான் நடுவில் ஒன்று. உச்சக் காட்சிக்கு முன் நான்காவதாகவும் அந்த ஒலியை வைக்கத் தோன்றும். வேண்டாம். நான்காவது முறை வரும்போது ஒலி குறியீடாகிவிடும், வாசகர் ஆசிரியரின் கையைப் பார்க்கத் தொடங்குவார்.

உங்கள் கதையின் பெரிய பள்ளம் இனிமேல்தான் வருகிறது. 90 முதல் 200 வரையான பக்கங்களில் மகளின் வேலை, தோழிகள், புது வீடு எல்லாம் வருகின்றன. அந்த 110 பக்கங்களில் தந்தையும் மகளும் ஒருவரையொருவர் நெருங்க ஒருமுறைகூட முயலவில்லை. ஒன்பது ஆண்டுகள் கடந்தன என்று எழுதியதால் வாசகருக்கு ஒன்பது ஆண்டுகள் கடந்துவிடாது. கிட்டத்தட்ட நடந்து, கடைசி நொடியில் தவறிப்போகும் முயற்சிகள்தான் வாசகரின் ஏக்கத்தை வளர்க்கும். இரண்டு போதும். ஆனால் இரண்டும் வேறு வேறு காரணத்தால் தவற வேண்டும்.

முதல் முயற்சி மேலே சொன்ன தொலைபேசி அழைப்பு. அது தந்தையின் பிடிவாதத்தால் தவறுகிறது. இரண்டாவது மகளால் தவற வேண்டும். அவர் சொல்லாமல் கொள்ளாமல் அவள் அலுவலக வாசலில் வந்து நிற்கிறார். அவள் மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிறாள், இறங்கிப் போகவில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டு அவர் திரும்புகிறார். இது ஏன் முக்கியம் என்றால், இரண்டு தவறுக்கும் தந்தையே காரணமானால் வாசகர் அவருக்குத் தண்டனையை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். பிறகு சமாதானக் காட்சி வந்தால் எரிச்சல்தான் வரும். இருவர் கையிலும் கறை இருந்தால்தான் இருவரும் சேர வேண்டும் என்று மனம் ஏங்கும். ஒவ்வொரு தவறிய முயற்சிக்குப் பிறகும் நிலைமை முன்னைவிட மோசமாக வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் காட்சிக்குப் பிறகு அவளுக்குக் கோபத்தோடு குற்ற உணர்வும் சேர்கிறது. இனி திரும்பிப் போவது முன்னைவிடக் கடினம்.

அடுத்து மாரடைப்பு. தந்தைக்கு மாரடைப்பு வருகிறது, மகள் ஓடி வருகிறாள், சேர்ந்துவிடுகிறார்கள். படித்த நான்கு பேரும் நெகிழாமல் போனதற்கு இதுவும் காரணம். தற்செயலாக வரும் சிக்கலை வாசகர் பொறுத்துக்கொள்வார், தற்செயலாக வரும் தீர்வைப் பொறுக்க மாட்டார். இங்கே அவர்களைச் சேர்ப்பது நோய், அவர்களின் முடிவு அல்ல. படுக்கையில் கிடப்பவரிடம் கோபத்தை விடுவது எளிது, அதற்கு விலை கிடையாது. நோய் வேண்டுமென்றால் 170-ஆம் பக்கத்துக்கு முன்னே தள்ளுங்கள். அப்போது அவள் வராமல் இருக்கட்டும், அவர் தேறி எழட்டும். பிறகு யாரும் கட்டாயப்படுத்தாத ஒரு சாதாரண நாளில் அவளாகவே போய் நிற்கட்டும். முன்பு வராத குற்றத்தையும் சுமந்துகொண்டு அந்தப் படியேறுகிறவளுக்காக வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.

அழுகைக்கு மரணமும் நோயும் மட்டுமே வழி என்று நினைப்பது புதிதாக எழுத வருகிறவர்களிடம் பரவலாக இருக்கிறது. உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்களைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது, இழப்பது, முன்பிருந்த நிலை தளர்வது, இல்லாமை. உங்கள் நாவல் இரண்டாவதை மட்டும் பிடித்துத் தொங்குகிறது. பேசிக்கொண்டிருக்கும்போது எதிரே இருப்பவர் காது மிஷினைக் கழற்றுவது இளிவு. அதட்டலுக்குப் பெயர்போன தந்தை அலுவலக வாசலில் யாரோபோல் நிற்பது அசைவு. இரண்டும் உங்களிடம் இலவசமாகக் கிடக்கின்றன.

யாருக்கு எது எப்போது தெரிகிறது என்பதிலும் பாதி வெற்றி இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை இதற்காக மட்டும் ஒருமுறை படியுங்கள். கோவலன் குற்றமற்றவன் என்பதும் பொற்கொல்லனே கள்வன் என்பதும் நமக்கு முன்பே தெரியும். அவையில் நமக்குப் புதுச் செய்தி எதுவும் இல்லை. ஆனாலும் அந்தக் காட்சி உலுக்குகிறது. ஏனென்றால் நாம் காத்திருப்பது பாண்டியனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனே தன் வாயால் சொல்கிறான், சிலம்பு உடைவதற்கு முன்பே. தீர்ப்புக்கான அளவுகோலைத் தோற்கப் போகிறவனே கொடுத்துவிடுகிறான். பிறகு சிலம்பு உடைகிறது, மாணிக்கம் அவன் வாயருகே தெறிக்கிறது. வாதாட எதுவும் மிச்சமில்லை. வாசகரை ஆச்சரியப்படுத்துவது ஒருமுறைதான் பலிக்கும். வாசகருக்குத் தெரிந்ததைப் பாத்திரம் கண்டுகொள்ளும் காட்சி எத்தனை முறை படித்தாலும் பலிக்கும்.

எனவே ஒன்று செய்யுங்கள். அவர் அலுவலக வாசலுக்கு வந்தபோது காதில் மிஷின் மாட்டியிருந்ததை, கீச்சொலி இல்லாமல், வாசகருக்கு மட்டும் காட்டிவிடுங்கள், தந்தையின் பார்வையில் ஒரு பக்கம் போதும். நாவலில் வேறு சில அத்தியாயங்களும் அவர் பார்வையில் இருப்பதால் இது துருத்திக்கொண்டு தெரியாது. மாடியிலிருந்து பார்த்த மகளுக்கு அது தெரியாது. மீதி 60, 70 பக்கமும் வாசகர் அதைச் சுமந்துகொண்டு வருவார்.

இதெல்லாம் முடிந்தபின் கடைசி அத்தியாயத்தைத் திறங்கள். இப்போது அதில் வெட்டும் வேலைதான் அதிகம் இருக்கும். மூன்று ‘மன்னித்துவிடு’வும் போகட்டும். ஆறு அழுகையில் ஒன்று மிஞ்சலாம், அதுவும் மிஞ்ச வேண்டிய கட்டாயம் இல்லை. பாத்திரம் அழுது தீர்த்துவிட்டால் வாசகர் அழ வேண்டிய தேவை இருக்காது. 1892-இல் லிதியா அவிலோவா என்ற எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில் ரஷ்ய எழுத்தாளர் செகாவ் இதையே சொன்னார்: துயரப்படுபவர்களைச் சித்திரிக்கும்போது கொஞ்சம் விலகி, உணர்ச்சி காட்டாமல் இருக்கப் பாருங்கள், அந்தப் பின்னணியில்தான் அவர்கள் துயரம் எடுப்பாகத் தெரியும். நெஞ்சு படபடத்தது, தொண்டை அடைத்தது, கண்கள் குளமாயின போன்றவற்றையும் எடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் பொதுவான உடல்குறிகள் எந்தப் பாத்திரத்தையும் காட்டுவதில்லை.

காட்சியின் வேகம் உங்கள் பிரதியில் தலைகீழாக இருக்கிறது. அவள் வீட்டுக்கு வந்து சேர்வது நான்கு வரி, சேர்ந்தபின் பேச்சு ஒன்பது பக்கம். மாற்றுங்கள். வருகைக்கு இரண்டு மூன்று பக்கம் கொடுங்கள்: வாசல், அம்மாவின் தடுமாற்றம், உள்ளறையில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் அவர், எதிர்ப்படும் சின்னச் சின்னத் தடைகள். அவள் பேசத் தொடங்கி ஒரு வாக்கியத்தில் நிற்கிறாள். அவர் திரும்பவில்லை. மேசை இழுப்பறை திறக்கும் சத்தம். பிறகு அந்தக் கீச்சொலி. இந்தத் தருணத்துக்கு மூன்று நான்கு சிறு வாக்கியங்கள் போதும், உவமை எதுவும் வேண்டாம். பார்வை மகளுடையதாகவே இருக்கட்டும். அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரியாத இடத்தில்தான் அந்த ஒலிக்கு மதிப்பு. அவள் பிறகு என்ன சொன்னாள் என்பதை எழுதவே வேண்டாம், அவர் கடைசிவரை கேட்டார் என்றால் போதும்.

அதற்குப் பிறகு அரைப் பக்கமாவது நாவல் தொடர வேண்டும். தருணம் முடிந்த வரியிலேயே புத்தகத்தை மூடினால் வாசகருக்கு அதை உள்வாங்க இடம் இருக்காது. ஏதாவது வழக்கமான வீட்டு வேலை நடக்கட்டும். யாரும் நடந்ததைப் பற்றிப் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரதியில் அம்மா வந்து ‘ஒன்பது வருஷப் பாரம் இறங்கிவிட்டது’ என்கிறாள். அந்த வரியைத் தயங்காமல் அடித்துவிடுங்கள்.

இன்னொன்று. 225 பக்கம் காக்க வைத்துவிட்டு ஒரே ஒரு முறை கொடுப்பது நாவலுக்குப் போதாது. முப்பது நாற்பது பக்கத்துக்கு ஒருமுறை சிறியதாக ஏதாவது கொடுங்கள். அலுவலகத்தில் அவளை மட்டம் தட்டிய மேலாளர் அவள் உழைப்பைப் பலர் முன்னால் ஒப்புக்கொள்ள நேர்வது, எப்போதோ செய்த உதவி எதிர்பாராத கையிலிருந்து திரும்பி வருவது, இத்தகையவை. சிறு கடன்களை ஒழுங்காகத் தீர்க்கிற ஆசிரியரை நம்பித்தான் வாசகர் பெரிய கடனுக்குக் காத்திருப்பார். ஆனால் இவை எதுவும் ‘கேட்கப்படுவது’ என்ற அந்த ஏக்கத்தைத் தணித்துவிடக் கூடாது. தோழி ஒருத்தி அவள் குமுறலை இரவு முழுக்கக் கேட்பதாக ஒரு காட்சி வைத்திருக்கிறீர்கள். அழகான காட்சிதான், ஆனால் இறுதிக் காட்சியின் வலுவைப் பாதி அது குடித்துவிடுகிறது. தோழியைத் தூங்க வைத்துவிடுங்கள்.

திருத்தி முடித்ததும் பழைய நான்கு பேரிடமே கொடுக்காதீர்கள், முடிவு அவர்களுக்குத் தெரியும். புதிதாக மூன்று பேர் போதும். முதல் 225 பக்கங்களை மட்டும் கொடுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டாம். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், இருவரில் யார்மீது கோபம் வருகிறது, இனி என்ன நடந்தால் உங்களுக்கு நிறைவாக இருக்கும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவதற்கு ‘அவர்கள் சேர வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் நடுப்பகுதி இன்னும் தயாராகவில்லை. தவறிய முயற்சிகள் இரண்டையும் மறுபடி பாருங்கள். கோபமெல்லாம் தந்தைமீதே என்றால் ஜன்னல் காட்சி பலவீனமாக இருக்கிறது. ‘அந்த மனிதர் அவள் பேச்சைக் கேட்டால் போதும்’ என்று ஏறக்குறைய இந்தப் பொருளில் மூவரில் இருவர் சொன்னால், மீதி 15 பக்கங்களை அவர்களிடம் கொடுக்கலாம்.