உர் பார்க்கப் போகிறவர்கள் சிபாயிஷில் தங்கலாமா?

தென் ஈராக்கில் உர் முதலான பழங்காலச் சுமேரியர் நகரங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: உர் பார்க்க அரை நாள் போதுமாமே. பக்கத்து நகரமான நாசிரியாவில் தங்கிக்கொண்டால் ஆகாதா?

பதில்: உர் மட்டும் என்றால் தாராளமாக ஆகும். நாசிரியாவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். ஆனாலும் ஓர் இரவாவது சிபாயிஷுக்குப் போங்கள் என்பேன். யூப்ரடீஸ் கரையில், சதுப்பு நிலத்தை ஒட்டிய சின்ன ஊர் அது. உர் இப்போது பொட்டல் வெளி. நகரம் செழித்திருந்தபோது யூப்ரடீஸ் அதன் மதிலோரம் ஓடியது, கடலும் இன்றைக்கு இருப்பதைவிடப் பக்கத்தில் இருந்தது. பிறகு ஆறு தடம் மாறிவிட்டது. அந்தத் தண்ணீர் உலகத்தின் மிச்சம் சிபாயிஷில்தான். அங்கே முதீஃப் எனும் விருந்தினர் கூடத்தை ஆணியே இல்லாமல், நாணல் கட்டுகளை வளைத்துக் கட்டுகிறார்கள். உருக் என்ற இன்னொரு சுமேரியர் நகரத்தின் கல்தொட்டி ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, 5,000 ஆண்டுப் பழசு. அதில் செதுக்கியிருக்கும் நாணல் குடிசையைப் பார்த்துவிட்டுப் போனால் முதீஃப் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவீர்கள்.

கேள்வி: உரில் உள்ள சிகுராத், அதாவது அந்தப் படிப்படியான கோயில் மேடை, அசல்தானா?

பதில்: பாதி. கி.மு. 21ஆம் நூற்றாண்டில் நிலாக் கடவுள் நன்னாவுக்காக மன்னர் உர்-நம்மு தொடங்கி, மகன் ஷுல்கி முடித்தது. இப்போது தெரியும் முகப்பும் படிக்கட்டும் பெரும்பாலும் 1980களில் சதாம் ஆட்சியில் புதுப்பித்தவை. பழைய செங்கல் வரிசைகளுக்கு நடுவே கருப்பாகத் தார் தெரியும், அதுதான் அந்தக் காலத்துச் சாந்து. தொல்லியலாளர் லெனார்ட் வூலி 1922 முதல் 1934 வரை தோண்டியெடுத்த தங்கமெல்லாம் பாக்தாத், லண்டன், பிலடெல்பியா அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டது. அரச கல்லறைகளில் குழியும் சுவரும்தான் மிச்சம்.

கேள்வி: இன்னொரு சுமேரியர் நகரமான எரிது?

பதில்: ஒன்றின்மேல் ஒன்றாக 18 கோயில் அடுக்குகள் கிடைத்த இடம். கண்ணுக்குத் தெரிவதோ மணல்மேடு. வழி தெரிந்த ஓட்டுநர் கிடைத்தால் போகலாம். விட்டாலும் நஷ்டமில்லை.

கேள்வி: சதுப்பு நிலத்தில் தண்ணீர் இருக்குமா? காய்ந்த படங்களைப் பார்த்தோம்.

பதில்: அது ஆண்டைப் பொறுத்தது. சதாமுக்கு எதிரான 1991 கிளர்ச்சிக்குப் பிறகு, அவருடைய அரசு கரைகளும் கால்வாய்களும் வெட்டி இதை வற்றடித்தது. 2003இல் மக்களே கரைகளை உடைத்துத் தண்ணீரைத் திரும்ப விட்டார்கள். 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அப்புறம் மழைக்குறைவு, மேலே துருக்கியின் அணைகள். வறண்ட ஆண்டில் படகு வாய்க்காலோடு நின்றுவிடும், நீரில் உப்பேறி எருமைகள் தவிக்கும். கிளம்புமுன் படகுக்காரரையே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: நவம்பர் முதல் மார்ச் வரை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 50 டிகிரியைத் தொடும். ஷியா முஸ்லிம்களின் யாத்திரைக் காலமான அர்பயீன் நாட்களையும் தவிருங்கள். கர்பலாவுக்கு லட்சக்கணக்கானோர் நடந்துபோவதால் சாலைகள் நிரம்பிவிடும்.

கேள்வி: நாங்கள் சைவம்.

பதில்: காலையில் கவலையே இல்லை. எருமைப்பால் ஏடான கெய்மர், பேரீச்சம்பாகு, சூடான ரொட்டி. இதற்காகவே இன்னொரு நாள் தங்கலாம்! மதியம்தான் சிக்கல். குழம்பில் காய் மட்டும் தெரிந்தாலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கலாம், கேட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: மனைவியும் வருகிறார். பாதுகாப்பு, உடை?

பதில்: உடல் மறைக்கும் தளர்ந்த உடை, கையில் ஒரு முக்காடு. உர் பக்கத்திலேயே விமானப்படைத் தளம் இருப்பதால் சோதனைச் சாவடியில் கேமராவை எடுக்காதீர்கள். பாஸ்போர்ட் நகல்கள் கைவசம் இருக்கட்டும். டிக்கெட் எடுக்கும் முன் நம் அரசின் பயண அறிவிப்பையும் விசா விதியையும் பாருங்கள், இரண்டும் அடிக்கடி மாறும்.