பிரஷரை யார் அளந்தார்கள்?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் ரத்த அழுத்தம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய இருக்கிறேன். இரண்டு நெறியாளர்கள் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர் இந்தத் துறையில் பெரிய பெயர். ஆயிரக்கணக்கில் மேற்கோள்கள், ஹெச்-இன்டெக்ஸ் 50-க்கு மேல். இன்னொருவருக்கு 11தான், ஆனால் கூடவே களத்துக்கு வருவார். ஒரு விஞ்ஞானியின் வாழ்நாள் உழைப்பை எப்படி எடைபோடுவது? கூகுள் ஸ்காலர் ஒரு கணக்குச் சொல்கிறது, ஸ்கோப்பஸ் வேறு கணக்குச் சொல்கிறது. எதை நம்ப? தமிழில் எழுதினால் யாராவது மேற்கோள் காட்டுவார்களா?

ம., பாளையங்கோட்டை

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வராவிட்டாலும் இதை எழுதியிருப்பேன். கொஞ்ச நாளாக மனதில் கிடந்த விஷயம்.

கடைசிக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டும் ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள்களை எண்ணும் தளங்கள். ஆய்வேடு, மாநாட்டுத் தாள் எல்லாவற்றையும் கூகுள் ஸ்காலர் எண்ணும். ஸ்கோப்பஸ் தனது குழு தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகளை மட்டும் எண்ணும். அதனால்தான் வித்தியாசம். தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்திலும் ஒரு கட்டுரை போடுங்கள். அவ்வளவுதான்.

ஹெச்-இன்டெக்ஸ் 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 100, 50, 9, 8, 6, 5. தன் வரிசை எண்ணுக்குக் குறையாமல் மேற்கோள் இருந்தால் அந்தக் கட்டுரை தேறும். ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், தேறும். ஆறாவதற்கு 5தான், தேறாது. ஆகவே அவருடைய எண் 5. முதல் கட்டுரைக்கு 10,000 மேற்கோள் வந்தாலும் அதே 5தான். இந்த எண்ணில் அடங்காத உழைப்பும் உண்டு. 1905-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கொரோட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர் வெளியிட்ட அறிக்கை ஒரு பக்கம்கூட வராது. கையில் காற்றடைக்கும் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, சத்தம் தொடங்கும் இடம் மேல் அளவு, மறையும் இடம் கீழ் அளவு என்றார். இன்றும் கையால் அளப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அப்படி அளப்பவர்களில் அந்த அறிக்கையை மேற்கோள் காட்டுபவர்கள் சிலர்தான். நம் நாட்டிலேயே பாருங்கள். சர்ப்பகந்தா என்ற மூலிகையின் வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-ல் ஓர் இந்திய இதழில் எழுதினார்கள். 1949-ல் பம்பாய் மருத்துவர் வகீல் அதையே பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதிய பிறகுதான் மேல்நாடு திரும்பிப் பார்த்தது. வேர் அதே வேர்தான்.

என்னைக் கோபப்படுத்தியது இதெல்லாம் இல்லை. ஒரு கடிதம் முழுக்க எண்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். அந்தப் பெண்களின் பிரஷரை யார், எப்படி அளக்கப்போகிறார்கள் என்று ஒரு வரி இல்லையே! ஆய்வின் உயிரே அங்கேதான் இருக்கிறது, தாயே.

ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண் உங்களுக்காகக் கையை நிறுத்த மாட்டாள். சுளகை மடியில் வைத்தபடியே ஒரு கையை நீட்டுவாள். நீங்களும் அப்படியே பட்டையைக் கட்டிவிடுவீர்கள். கையை மடியில் வைத்து அளந்தால் மேல் அளவு சராசரியாக 3.9 மி.மீ. (பாதரச அளவு), கீழ் அளவு 4.0 கூடுதலாகக் காட்டும், தொங்கவிட்டால் 6.5, 4.4. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2024-ல் வெளியிட்ட கணக்கு இது. உண்மையில் 137 உள்ளவள் உங்கள் தாளில் 140-ஐத் தாண்டி நோயாளி ஆகிவிடுவாள். அளக்கும் எல்லோரிடமும் பிழை ஒரே பக்கம் சாய்வதால் எத்தனை பேரை அளந்தாலும் அது சரியாகாது. பிறகு உங்கள் சதவீதத்தை இன்னொருவர் மேற்கோள் காட்டுவார், அவரை வேறொருவர். மேற்கோள் ஏற ஏறப் பிழையும் சேர்ந்து ஊர் சுற்றும்.

ஆகவே பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு வீடு வந்து ஓய்ந்திருக்கும் நேரத்தில் போங்கள். வெற்றிலை, புகையிலை, காப்பி எதுவானாலும் அரைமணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்த நாற்காலி, தரையில் ஊன்றிய பாதம், மேசைமேல் கை, பட்டையின் நடுப்பகுதி இதயத்தின் மட்டத்தில். ஐந்து நிமிடம் பேச்சே கூடாது. நீங்களும் பேசக் கூடாது. மேற்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து பட்டையைத் தேர்ந்தெடுங்கள். 22 முதல் 26 செ.மீ. கைக்குச் சிறிய பட்டை, 27 முதல் 34-க்கு வழக்கமான பட்டை. இரண்டும் பையில் இருக்க வேண்டும். ஒல்லியான கைக்குப் பெரிய பட்டை கட்டினால் அளவு குறைத்துக் காட்டும், பருத்த கைக்குச் சிறியது கட்டினால் கூட்டிக் காட்டும். கையால் அளப்பதானால் மணிக்கட்டு நாடி நிற்கும் இடத்துக்கு 30 மி.மீ. மேலே ஏற்றி, நொடிக்கு 2 மி.மீ. வீதம் இறக்குங்கள். அவசரமாகக் காற்றைத் திறந்துவிட்டால் மேல் அளவு குறைந்தும் கீழ் அளவு கூடியும் பதியும். ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை. முதலாவதை விட்டுவிட்டுப் பின்னிரண்டின் சராசரி.

இப்போது நெறியாளர் விஷயம். இருவருடைய கட்டுரைகளிலும் 'முறை' பகுதியை மட்டும் எடுத்துப் படியுங்கள். எந்தப் பட்டை, எத்தனை முறை, எவ்வளவு ஓய்வு என்று எழுதியிருக்கிறார்களா? பிறகு பழைய ஆய்வு ஒன்றில் அளவுகளைக் களத்தில் குறித்த மூலத்தாளைக் கேளுங்கள். கையால் இரட்டைப்படை எண்களாகப் படித்த அளவுகளில் ஐந்தில் ஒன்றுதான் பூஜ்யத்தில் முடிய வேண்டும். பாதி பூஜ்யமாக இருந்தால் அளந்தவர் கேட்டதை அப்படியே எழுதவில்லை, பக்கத்துப் பத்துக்கு நகர்த்தியோ தோராயமாகவோ எழுதியிருக்கிறார் என்று சந்தேகப்படுங்கள். தாளைத் தயங்காமல் எடுத்துக் காட்டுபவரிடம் சேருங்கள், அவருடைய எண் 11 ஆனாலும் சரி, 50 ஆனாலும் சரி.

உங்கள் முதல் 100 பேரின் தாள் முடிந்ததும் பூஜ்யங்களை எண்ணிவிட்டு எழுதுங்கள்.